சுரண்டிய தோலில் ஆர்க்கிமிடீஸ்

புத்தகத்தின் முதுகில் இருந்தது ஃபெவிகால் மாதிரியான பசை. தச்சுப் பட்டறையில் பலகையோடு பலகை ஒட்டுவதற்கு வைத்திருப்பார்களே, அந்த வகை. பழைய வஜ்ஜிரமாக இருந்தால் கொஞ்சம் ஈரம் காட்டினால் இளகிவிடும். இது இளகாது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். அந்தத் தோலில்தான் ஆர்க்கிமிடீஸ் எழுதிய வரிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் சுவடிகளைப் பராமரித்த அபிகெய்ல் குவாண்ட், அந்தப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து எடுக்க ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். கிழிப்பதற்கு நான்கு நிமிடம் போதும் என்பதால்தான் அவ்வளவு காலம்.

இது ஒரு பிரார்த்தனைப் புத்தகம். கைக்கு அடக்கமான அளவு, 174 தோல்தாள், ஓரமெல்லாம் கருகல், உள்ளே ஊதாப் புள்ளிகளாகப் பூஞ்சை. இதைத்தான் 1998 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒருவர் 20 லட்சம் டாலருக்கு எடுத்தார். பெயரை வெளியிடவில்லை. பிரார்த்தனைக்காக வாங்கவில்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

ஆர்க்கிமிடீஸ் சிசிலித் தீவில் சிரக்யூஸ்காரர். கி.மு. 212இல் ரோமானியப் படை ஊருக்குள் புகுந்தபோது கொல்லப்பட்டார். கண்டுபிடித்ததையெல்லாம் கடல் தாண்டி அலெக்சாந்திரியாவில் இருந்த அறிஞர்களுக்குக் கடிதமாக எழுதி அனுப்புவது அவர் வழக்கம். அப்படி ஒரு கடிதம் எரடோஸ்தனீஸுக்குப் போனது. பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டாரே, அந்த நூலகர்தான். ‘முறை’ என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கடிதத்தில் ஆர்க்கிமிடீஸ் தன் அடுப்படியையே திறந்து காட்டுகிறார். ஒரு கோளத்தையும், ஒரு கூம்பையும், ஓர் உருளையையும் மனத்துக்குள் மெல்லிய வட்டங்களாகச் சீவுகிறார். ஒரு துலாக்கோலை எடுத்துக்கொள்கிறார். கோளத்தின் சீவலையும் கூம்பின் சீவலையும் கோலின் ஒரு நுனியில் தொங்கவிட்டால், உருளையின் சீவல் தான் இருந்த இடத்திலேயே இருந்து அவற்றைச் சமன் செய்கிறது. எல்லாச் சீவலையும் இப்படி நிறுத்து முடித்தால் கோளத்தின் கன அளவு கையில் வந்துவிடும். இது நிரூபணம் ஆகாது, ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்று கண்டுகொள்ள உதவும் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். கணக்கு வாத்தியார்கள் வழக்கமாக மறைத்து வைக்கும் கரும்பலகையின் பின்பக்கம் இது.

பாப்பிரஸ் சுருளிலிருந்து பிரதிக்குப் பிரதி தாவி வந்த அந்தக் கடிதம், 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோபிளில் ஆட்டுத்தோல் தாளில் ஏறியது. எழுதியவர் யாரென்று தெரியாது. மை எதனால் ஆனது என்று தெரியும்: மாசிக்காயும் அன்னபேதியும். இரண்டும் இன்றைக்கும் நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். மாசிக்காய் கைக்குழந்தையின் உரைமருந்தில் சேர்வது. அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், சோகைக்குக் கொடுக்கும் சங்கதி. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. அந்த இரும்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரம் ஆண்டு கழித்து அது சாட்சி சொல்ல வரும்.

ஆர்க்கிமிடீஸின் கிரேக்கப் பிரதிகளில் இடைக்காலம் கடந்து வந்தவை மூன்று. ஒன்று 1311க்குப் பிறகு கண்ணில் படவில்லை. இன்னொன்று 16ஆம் நூற்றாண்டில் காணாமல் போனது. இரண்டையும் மதித்துப் பாதுகாத்தவர்கள்தான் தொலைத்தார்கள். மூன்றாவதை யாரும் மதிக்கவில்லை. இயோவான்னஸ் மிரோனாஸ் என்ற பாதிரியார், 1229 ஏப்ரலில் எழுதி முடித்த பிரார்த்தனைப் புத்தகத்துக்காகத் தோல் தேடினார். புதுத்தோல் விலை அதிகம். பழைய சுவடிகள் சிலவற்றைப் பிரித்து, எழுத்தைத் தேய்த்துக் கழுவினார். தாளை நடுவில் மடித்து, 90 டிகிரி திருப்பி, பழைய வரிகளுக்குக் குறுக்காக ஜெபங்களை எழுதிக்கொண்டே போனார். இப்படிச் சுரண்டி மறுபடி எழுதிய சுவடிக்கு பாலிம்செஸ்ட் என்று பெயர். பனையோலையில் இந்த வேலை நடக்காது. எழுத்தாணி கீறிய பள்ளத்தை எதைக் கொண்டு தேய்ப்பது? தோலில் மை மேலாகத்தான் உட்கார்ந்திருக்கும், முக்கால்வாசி போய்விடும். மிச்சக் கால்வாசிதான் இந்தக் கதை.

மிரோனாஸைத் திட்டுவது எளிது. பலர் திட்டியும் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அவர்மேல் நன்றிதான். கணிதச் சுவடியாக இருந்திருந்தால் மற்ற இரண்டும் போன வழியில் இதுவும் போயிருக்கும். ஜெபப் புத்தகமானதால் பெத்லகேமுக்கு அருகே பாலைவனத்தில் இருக்கும் மார் சாபா மடத்துத் துறவிகள் காப்பாற்றினார்கள். படித்துப் படித்து மெழுகுவர்த்தி சொட்டிய கறை உண்டு. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் அவர்கள் செய்த சேதத்தைவிட 20ஆம் நூற்றாண்டு செய்த சேதம் அதிகம்.

19ஆம் நூற்றாண்டில் புத்தகம் மறுபடி கான்ஸ்டாண்டினோபிளில், எருசலேம் திருச்சபைக்குச் சொந்தமான ஒரு கிளை மடத்தில் இருந்தது. 1840களில் பழைய பைபிள் சுவடிகளைத் தேடி அலைந்த டிஷென்டார்ஃப் அங்கே வந்தார். கணக்கு எழுதிச் சுரண்டிய ஒரு சுவடி இருக்கிறது என்று பயண நூலில் போகிறபோக்கில் குறித்தார். போகிறபோக்கில் ஒரு தாளையும் கொண்டுபோனார். அவர் இறந்த பிறகு அந்தத் தாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்கு விலைக்குப் போனது. அது எந்தப் புத்தகத்தின் தாள் என்று அடையாளம் காண இன்னும் ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனது.

1899இல் பாபாடோபுலோஸ்-கெராமெவ்ஸ் என்பவர் அந்த மடத்துச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டார். அடியில் மங்கலாகத் தெரிந்த சில வரிகளையும் நகலெடுத்து அச்சிட்டுவிட்டார். என்னவென்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டியதில்லை, பார்த்ததை எழுதிவைத்தார். அட்டவணை போடுகிறவர்களை நாம் ஆராய்ச்சியாளர் வரிசையில் சேர்ப்பதே இல்லை. இந்தக் கதையில் அந்தச் சில வரிகள் இல்லையென்றால் மற்றது எதுவும் இல்லை. கோபன்ஹேகனில் இருந்த கிரேக்க மொழிப் பேராசிரியர் ஹெய்பெர்க் கண்ணில் அவை பட்டன. ஆர்க்கிமிடீஸ் நூல்களை ஏற்கெனவே பதிப்பித்தவர், வாக்கியத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டார். 1906இல் கிளம்பி வந்தார். கையில் இருந்தது பூதக்கண்ணாடியும் பொறுமையும். முடிந்ததைப் படித்தார், பக்கங்களைப் படம் பிடிக்கச் செய்தார், 1910 தொடங்கிப் புதிய பதிப்பு கொண்டுவந்தார். உலகம் தொலைந்துபோனதாக நினைத்த ‘முறை’ அப்போதுதான் திரும்பி வந்தது. மிதக்கும் பொருள்கள் பற்றிய நூலுக்கு அதுவரை லத்தீன் மொழிபெயர்ப்பு மட்டுமே இருந்தது. அதன் கிரேக்க மூலமும் இந்தத் தோலில்தான் கிடைத்தது.

ஆனாலும் ஹெய்பெர்க்குக்கு இரண்டு இடங்கள் எட்டவில்லை. தாள் மடிந்து தைத்திருந்த பள்ளத்தில் சில வரிகள் ஒளிந்திருந்தன. வரைபடங்கள் அவர் கவனத்தில் அவ்வளவாகப் படவேயில்லை. மொழி அறிஞருக்குப் படம் என்பது எழுத்துக்கு நடுவே வந்த இடைவெளி.

முதல் உலகப் போருக்குப் பிறகான குழப்பத்தில் புத்தகம் மறைந்தது. பிரான்சில் ஒரு குடும்பத்தின் கையில் இருந்து, 1998இல் ஏலத்துக்கு வந்தபோது அதில் ஹெய்பெர்க் பார்க்காத ஒன்று இருந்தது: நான்கு பக்கங்களில் தங்கப் பின்னணியோடு சுவிசேஷகர் ஓவியங்கள். ஓவியத்தைச் சோதித்தபோது ஒரு பச்சை நிறம் காட்டிக்கொடுத்தது. தாலோசயனின் பச்சை, 1938 வாக்கில்தான் விற்பனைக்கு வந்த சாயம். ஓவியங்களின் கோடுகள் 1929இல் பாரிஸில் வெளியான ஒரு நூலின் படங்களோடு அப்படியே பொருந்துகின்றன என்பதைக் கலை வரலாற்றாளர் ஜான் லௌடன் காட்டினார். விலை கூடும் என்று யாரோ ஆர்க்கிமிடீஸ் மேல் தங்கம் பூசியிருக்கிறார்கள். வேதியியலும் கலை வரலாறும் தனித்தனிப் பாதையில் வந்து ஒரே திருடனின் வாசலில் நின்றன.

நடுவில் சட்டமும் ஒரு கை பார்த்தது. புத்தகம் தங்களுடையது என்று எருசலேம் திருச்சபை வழக்குப் போட்டது. இத்தனை ஆண்டு கேட்காமல் இருந்துவிட்டு இப்போது கேட்பது செல்லாது என்று நியூயார்க் நீதிமன்றம் 1999இல் தள்ளிவிட்டது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். மடத்து அலமாரியிலிருந்து அது எப்படி வெளியேறியது என்ற கேள்வி எனக்கு அதோடு தீரவில்லை.

வாங்கியவர் புத்தகத்தை வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் கொடுத்து, ஆராய்ச்சிச் செலவையும் ஏற்றார். இங்கிருந்துதான் கூட்டம் சேர்ந்தது. குவாண்ட் பிரித்துக் கொடுத்த தாள்களை, ரோஜர் ஈஸ்டன் முதலான படவியல்காரர்கள் வெவ்வேறு நிற ஒளியில் படம் எடுத்தார்கள். புற ஊதா ஒளியில் தோல் நீலமாக மினுங்கும், மேலே உள்ள ஜெபமும் அடியில் உள்ள கணக்கும் இரண்டுமே கறுப்பாகத் தெரியும். சிவப்பு ஒளியில், மங்கிச் செம்பழுப்பான பழைய மை மறைந்துபோகும், ஜெபம் மட்டும் நிற்கும். இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றாக்கினால் ஜெபம் கறுப்பாகவும் ஆர்க்கிமிடீஸ் சிவப்பாகவும் பிரிந்து வந்துவிடுவார்கள். இந்த வேலையைச் செய்தவர்களுக்குக் கிரேக்கம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கிரேக்கம் தெரிந்தவர்கள் எந்த நிறம் கண்ணுக்கு இதம் என்று சொல்ல, அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தார்கள்.

தங்கம் பூசிய பக்கங்களில் இது பலிக்கவில்லை. ஒளி உள்ளே போகாது. அப்போது வந்தவர் உவே பெர்க்மன், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி மையத்தில் இயற்பியலர். பசலைக்கீரை ஒளிச்சேர்க்கையில் உலோகங்கள் என்ன செய்கின்றன என்று எக்ஸ்-கதிர் கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவர். ஜெர்மன் இதழ் ஒன்றில் இந்தச் சுவடியைப் பற்றிப் படித்தபோது, மையில் இரும்பு இருக்கிறது என்ற வரியில் அவர் நின்றுவிட்டார். கீரையில் உலோகம் தேடும் கதிருக்கு ஆட்டுத்தோலில் இரும்பு தேடத் தெரியாதா? 2005இல் தாள்கள் அங்கே போயின. முடியளவு மெல்லிய கதிர் தாளின் மேல் வரிவரியாக ஊர்ந்தது. இரும்பு அணு இருக்கும் இடமெல்லாம் தனக்கே உரிய கதிரைத் திருப்பி உமிழ்ந்தது. மணிக்கணக்கில் புள்ளி புள்ளியாகத் திரையில் எழுத்து முளைத்தது. தங்கத்துக்கு அடியில் இருந்த அன்னபேதி பேசியது. பாதிரியார் மிரோனாஸின் பெயரும் இப்படித்தான் வெளியே வந்தது. எழுத்தைக் கழுவியவரின் பெயரே மங்கிக் கிடந்தது ஒரு வேடிக்கை.

கிடைத்ததைப் படித்தவர்களில் முதன்மையானவர் ரெவியல் நெட்ஸ், கிரேக்கக் கணித வரலாற்றாளர். 2001இல் அவரும் ஜப்பானின் கென் சைட்டோவும் ‘முறை’யின் 14ஆம் தேற்றத்தில் ஹெய்பெர்க் விட்டுப்போன இடத்தைப் படித்தார்கள். அங்கே ஆர்க்கிமிடீஸ், முடிவில்லாத எண்ணிக்கையுள்ள சீவல்களின் இரண்டு தொகுதிகளை எடுத்து, இவை எண்ணிக்கையில் சமம் என்கிறார். முடிவிலியைத் தொடவே கிரேக்கர்கள் கூசினார்கள் என்று எழுதிவந்த பாடப்புத்தகங்கள் திருத்தப்பட வேண்டியதாயிற்று. ‘ஸ்டோமாகியான்’ என்ற நூலில் ஒரு தாளளவே எஞ்சியிருக்கிறது. ஒரு சதுரத்தை 14 துண்டாக வெட்டிய விளையாட்டைப் பற்றியது. துண்டுகளை மறுபடி சதுரமாக எத்தனை விதத்தில் சேர்க்கலாம் என்பதே ஆர்க்கிமிடீஸின் கேள்வி என்கிறார் நெட்ஸ். ஒரு தாளை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று தயங்குகிறவர்களோடு நானும் நிற்பேன். ஆனால் கேள்வி பிடித்துப்போய்க் கணிதக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். 2003இல் பில் கட்லர் கணினியில் எண்ணி முடித்தார்: 17,152.

பள்ளியில் முதல் குரூப், மூன்றாம் குரூப் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறோமே, இந்தப் புத்தகத்தை எதில் சேர்ப்பது? ஆர்க்கிமிடீஸைத் தேடியவர்களுக்கு அதே கட்டில் ஹைப்பரிடீஸின் பேச்சுகளும் கிடைத்தன. ஏதென்ஸின் புகழ்பெற்ற பத்துப் பேச்சாளர்களில் ஒருவர், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. ஒரு பேச்சு மாசிடோனியாவை எதிர்த்த அரசியல் பற்றியது. இன்னொன்று, பெற்றோர் இல்லாத பிள்ளைகளின் சொத்தைக் கவனிக்க வேண்டிய பாதுகாவலர்மீது தொடுத்த வழக்கு. வேறு சில தாள்களில் அரிஸ்டாட்டிலின் ‘வகைகள்’ நூலுக்கு ஓர் உரை. இரண்டிலும் படவியல்காரர்களுக்குத் தெரிந்தது அதே சிவப்பு, எக்ஸ்-கதிருக்குத் தெரிந்தது அதே இரும்பு.

2008 அக்டோபர் 29 அன்று, ஏலம் முடிந்து சரியாகப் பத்தாம் ஆண்டில், எல்லாப் படங்களையும் எழுத்துப்பெயர்ப்பையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டார்கள். ஹெய்பெர்க் பார்த்தபோது இருந்த மூன்று தாள்கள் மட்டும் ஏலத்துக்கு வந்த கட்டில் இல்லை. அவற்றுக்கு அவர் எடுக்கச் செய்த படங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. நல்ல தெளிவான படங்கள்தான். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாம். ஆனால் பெர்க்மனின் கதிரை அவற்றின் மேல் பாய்ச்சிப் பயனில்லை. அந்தப் படங்களில் எழுத்தாக நிற்பது இரும்பு இல்லை, வெள்ளி.