ஆடாதோடையில் ஆடு நுழைந்த கதை

ஆடாதோடை என்ற பெயருக்கு விளக்கம் கேட்டால், நாட்டு மருந்துக் கடைக்காரர் முதல் சித்த மருத்துவர் வரை பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஆடு தொடாத இலை, ‘ஆடுதொடா இலை’ மருவி ஆடாதோடை ஆயிற்று. செடியின் குணமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. இலை கடுங்கசப்பு, கசக்கினால் ஒரு மாதிரி வாடை. கண்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும் வெள்ளாடும் இதை விட்டு விலகிப் போகும். அதனால்தான் வேலியோரம் நட்டு வளர்க்கிறார்கள். ஆட்டை வைத்துச் செடிக்குப் பெயரிடுவதும் நமக்குப் புதிதல்ல. ஆடுதீண்டாப்பாளை என்றே ஒரு மூலிகை உண்டு.

ஆனால் அந்தப் பெயரில் ஆடும் தீண்டாவும் சிதையாமல் நிற்கின்றன. இங்கேயோ ‘ஆடு’ ஆடாவாகவும், ‘தொடா’ தோடையாகவும் நீண்டிருக்கின்றன. மருவும் சொற்கள் பெரும்பாலும் குறுகும். இது எதற்காக நீண்டது? சந்தேகம் அங்கே பிறக்கிறது.

அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்டுப் பார்க்கலாம். மலையாளத்தில் ஆடலோடகம், கன்னடத்தில் ஆடுசோகெ. மராத்தியில் அடுள்சா, இந்தியில் அடூசா. சமஸ்கிருத மருத்துவ நூல்களில் ஆடரூஷம், ஆடரூஷகம். ‘ஆட’ அல்லது ‘அட’ என்ற தொடக்கம் எங்கும் இருக்கிறது. ‘தொடா’ மட்டும் இவற்றில் எதிலும் இல்லை. ஆடரூஷத்துக்குள் வெளிப்படையாகத் தெரியும் சமஸ்கிருத வேர் எதுவும் இல்லை. என் கணிப்பு இது: செடிக்குப் பழைய பெயர் ஒன்று பல மொழிகளுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. அதன் முன்பாதி தமிழ்க் காதில் ஆடாக விழ, பின்பாதிக்கு மக்களே பொருள் தேடிக்கொண்டார்கள். ஆடும் அதற்கேற்ப ஒத்துழைத்ததால் கதை நிலைத்துவிட்டது.

ஆயுர்வேதத்தில் அதிகம் புழங்குவது வாசா, வாசகா என்ற பெயர்கள். சிம்மாஸ்யம், அதாவது சிங்கமுகம் என்றும் சொல்வார்கள். இரண்டு உதடாகப் பிளந்த வெள்ளைப் பூ அப்படித் தோன்றியிருக்கிறது. காசம் எனும் இருமலுக்கும், சுவாசம் எனும் இரைப்புக்கும், உடலில் இரத்தம் கசியும் இரத்தபித்தத்துக்கும் இது பேர்போன மருந்து. இருமலோடு இரத்தமும் வந்தால் அந்தக் கால வைத்தியர் வாசாவைத் தேடினார். வாசாரிஷ்டம், வாசாவலேகம், வாசா கிருதம் எல்லாம் இதன் பெயரைத் தாங்கியவை. பச்சை இலையைக் கசக்கிப் பிழிந்தால் சாறு எளிதில் இறங்காது. ஆகவே ஆவியில் வாட்டிப் பிழிவார்கள். அல்லது அரைத்த விழுதை இலையில் பொதிந்து சுட்டுப் பிழிவார்கள். இரண்டாவதற்குப் புடபாகம் என்று பெயர். சாற்றில் தேன் சேராமல் தொண்டைக்குள் போகாது, அவ்வளவு கசப்பு. நம் சித்த மருத்துவத்தில் ஆடாதோடை மணப்பாகு உண்டு. 2020இல் கொரோனா பரவியபோது வீடு வீடாகக் கொதித்த கபசுரக் குடிநீரிலும் இதன் இலை சேர்ந்திருந்தது.

பெயர் கப்பலும் ஏறியது. 1670களில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன், 1687இல் வெளியிட்ட லைடன் தோட்டப் பட்டியலில் இதை ‘இலங்கையரின் அடதோடா’ என்று லத்தீனில் குறித்தார். சிங்களத்திலும் ஆடதோடா என்றே சொல்வதால், அவர் அதை எந்த வாயிலிருந்து கேட்டார் என்று நாம் சண்டை போட வேண்டியதில்லை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஜஸ்டிசியா அடதோடா என்று அறிவியல் பெயரை உறுதிசெய்தார். ஆங்கிலேயர் வைத்த ‘மலபார் நட்’தான் பொருந்தாத பெயர், இதில் கொட்டையென்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

1888இல் டேவிட் ஹூப்பர் இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தபோது வாசாவை நினைத்து வாசிசின் என்றார். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் அதன் அமைப்பைத் தழுவி ஆய்வுக்கூடத்தில் உருவானது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறிக் கிடைப்பது அம்புராக்சால். இன்று மருந்துக்கடையில் வாங்கும் பல இருமல் மருந்துகளில் இவற்றில் ஒன்று இருக்கும்.

வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மையும் உண்டு. ஆகவே கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயத்தைத் தொடக் கூடாது. சளியில் இரத்தம் கண்டவர்கள் வேலியோரம் இலை பறிக்கப் போகுமுன் அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம்.