முக்குறுணி நெல்லும் முன் அனுமதியும்: காவிரிப் படுகை இசைக்கலைஞர் வரலாற்றில் ஒரு திருப்பம்

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் அமர்த்தியவர்கள் 48 பேர். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் சேர்த்து 50 பேருக்கும் நாள்தோறும் தலைக்கு முக்குறுணி நெல் என்று கல்வெட்டு வரையறுக்கிறது. ஒருவர் இறந்தால் அவருடைய அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். பிழைப்புக்கு இவ்வளவு உறுதி தந்த ஏற்பாடு, பிற்காலத்தில் எந்தச் சட்டத்திலும் வாய்க்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இசை காவல்துறையின் பொருளாயிற்று. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், 30ஆம் பிரிவில், திருவிழாக் காலங்களில் தெருவில் எவ்வளவு இசை ஒலிக்கலாம் என்பதை முறைப்படுத்தும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்குத் தந்தது. 1876இல் நாடகச் சட்டம் வந்தது. தேசியப் பாடல்களை மேடையில் பாடியதற்காக நாடக நடிகர் விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார்.

காவல் கட்டுப்பாட்டோடு வரியும் சேர்ந்தது. அந்த வரியின் கதை கோடியக்கரைக்கு அருகே எதிர்பாராத வகையில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்பு யாத்திரை புறப்பட்ட தொண்டர்கள், நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்கென்றே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு வேதாரண்யம் வந்தார்கள். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு எடுத்தார்கள். அங்கிருந்து தெற்கே போனால் கோடியக்கரை. உப்பு வரிக்கு எதிரான அந்தப் போருக்குப் பாட்டும் ஆயுதமாக இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட வழி தேடிய ராஜாஜியின் அமைச்சரவை, 1939இல் கேளிக்கை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்த வரி நுழைவுக் கட்டணத்தின் மீது விழுந்தது. ஆகவே கோயில் திருவிழாவில் எல்லோருக்கும் இலவசமாக ஊதிய நாகசுரக்காரரை அது தொடவில்லை. டிக்கெட் போட்டுக் கொட்டகையில் ஆடிய நாடகக் குழுதான் சிக்கிக்கொண்டது. அங்கே ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கூலி, அன்றன்றைய வசூலிலிருந்து பிரியவேண்டியது. சட்டப்படி வரி கட்டவேண்டியவர் நடத்துபவர்; சுமை இறங்கியது பக்கவாத்தியக்காரரின் கூலியில் என்பதே என் முடிவு. 1954இன் சென்னை நாடகச் சட்டம் இதோடு தடை அச்சத்தையும் சேர்த்தது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் செல்லாதவையாக்கியது.

பணச்சுமை பின்னர் ஓரளவு தளர்ந்தது உண்மை. கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் காப்புரிமைக் கட்டணம் கிடையாது. சட்டம் அதற்கு விலக்குத் தருகிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர்கள் ஒரு நிகழ்ச்சிக்குப் பெறும் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான ஊதியத்துக்கு வரிவிலக்குக் கிடைத்தது. 

நேரக் கட்டுப்பாடு மட்டும் அவ்வளவாகத் தளரவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் தடை. மாநில அரசு விழாக்களுக்கென ஆண்டில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம். 2010 திருத்தம் இரவுத் தடையை வாத்தியங்களுக்கும் நீட்டியது. விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணமும் அரிச்சந்திரன் மயான காண்டமும் இந்த நேரக் கணக்குக்குள் அடங்குவதில்லை. நோயாளியின் உறக்கத்தைக் காக்கும் விதி தேவைதான். ஆனால் மைக்கே இல்லாமல் கடலோரத் திடலில் வாசிக்கும் ஆர்மோனியமும், ஊரையே அதிரவைக்கும் ஒலிபெருக்கி அடுக்கும் அந்த விதியில் ஒரே வரியில் நிற்கின்றன. அவை இரண்டையும் பிரித்து எழுதவேண்டும்.