ஒளித்து வைத்த பிஸ்கட்

1961. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடல் பருமன் கிளினிக்குக்கு ஜீன் நிடெச் என்ற பெண் வாராவாரம் போய் வந்தார். குவீன்ஸ் பகுதியில் வசித்த இல்லத்தரசி. எடை 214 பவுண்டு, நம் கணக்கில் 97 கிலோ. கிளினிக்கில் கொடுத்த உணவுப் பட்டியல் வேலை செய்தது, எடை இறங்கத் தொடங்கியது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர் அங்கே வாய் திறந்து சொல்லவில்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுகளை வீட்டில் ஒளித்து வைத்து, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னால் என்ன ஆகிவிடும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. எதிரில் இருப்பவர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்ளோதான். குண்டாக இருக்கும் யாரைக் கேட்டாலும் அந்தப் பார்வையைப் பற்றிச் சொல்வார்கள்.

கிளினிக்கில் சொல்ல முடியாததைச் சொல்ல நிடெச் தன்னைப் போலவே குண்டாக இருந்த ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டார். பிஸ்கட் கதையை அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கதைகளை எடுத்து வைத்தார்கள். அடுத்த வாரமும் கூடினார்கள், கூட்டம் பெருகியது. 1963-இல் அது ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற நிறுவனமானது.

இதை எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையின் வரலாற்றில் கொண்டுவந்து வைக்க ஒரு காரணம் இருக்கிறது. அந்த வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் கத்தி பிடித்தவர்களின் கதையை எழுதுகிறார்கள். யார் எந்த ஆண்டு எங்கே வெட்டினார், எங்கே தைத்தார் என்று அது போகும். ஆனால் வெட்டியும் தைத்தும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட மனிதர் அடுத்த இருபது வருடம் எப்படிச் சாப்பிட்டார், யாரிடம் பேசினார் என்பதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அது நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தவர்களின் வரலாறு. இந்த இரண்டும் வெகுகாலம் ஒன்றையொன்று பார்க்காமலே ஓடின.

*

முதலில் கத்தியின் கதை.

1952-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் விக்டர் ஹென்ரிக்சன் என்ற மருத்துவர், எடை குறைய வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் சிறுகுடலில் 105 சென்டிமீட்டரை வெட்டி எடுத்ததாகக் கட்டுரை எழுதினார். கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: பருமனுக்குச் சிகிச்சையாகச் சிறுகுடலை வெட்டுவதை நியாயப்படுத்த முடியுமா? செய்தவருக்கே சந்தேகம் இருந்தது.

1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமனும் அவரது சகாக்களும் வேறு வழி சொன்னார்கள். குடலை வெட்டி வீச வேண்டாம், உணவு அந்த வழியாகப் போகாதபடி குறுக்கே இணைத்துவிட்டால் போதும். 1956 முதல் லாஸ் ஏஞ்சல்ஸில் பேய்ன், டிவின்ட் இருவரும் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி, உணவை நேராகப் பெருங்குடலுக்குத் திருப்பிவிடும் ஆபரேஷனைப் பத்துப் பேருக்குச் செய்தார்கள். எடை சரசரவென்று இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, உடலில் உப்புச் சத்துகளின் சமநிலை குலைவு, கல்லீரல் பாதிப்பு. திரும்பவும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைத்தார்கள். இறங்கிய எடை திரும்ப ஏறியது.

ஆனாலும் அந்த யோசனையை யாரும் விடவில்லை. கொஞ்சம் மாற்றி, சிறுகுடலின் முன்பகுதியைக் கடைசிப் பகுதியோடு இணைக்கும் பைபாஸ் 60-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்யப்பட்டது. அதன் கவர்ச்சி எளிமையானது: எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு, உடம்பில் ஒட்டாது. விலை பின்னால் தெரிந்தது. சிறுநீரகக் கற்கள், மூட்டு வீக்கம், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. 80-களின் தொடக்கத்தில் அந்த ஆபரேஷன் கைவிடப்பட்டது.

இதற்கிடையில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் ஒன்றைக் கவனித்திருந்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு எடை போடுவது கடினமாக இருந்தது. அப்படியென்றால் குடலை விட்டுவிட்டு இரைப்பையைச் சிறிதாக்கினால் என்ன? 1966-இல் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். அடுத்த ஆண்டு சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். இன்று செய்யப்படும் பைபாஸுக்கு மூதாதை அதுதான்.

பிறகு வேகம் பிடித்தது. 1994-இல் விட்குரோவ், கிளார்க் குழு சிறு துளைகள் வழியாகவே பைபாஸ் செய்யலாம் என்று காட்டியது. 1995-இல் வட கரோலினாவின் போரிஸ், தாம் 14 ஆண்டுகளில் ஆபரேஷன் செய்த 608 பேரின் கதையை வெளியிட்டார். சர்க்கரை நோய் இருந்த பெரும்பாலானோருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியிருந்தது. இப்போது அதிகம் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒரு குழாய்போல ஆக்கப்படுகிறது.

கத்தியின் கதை இவ்வளவுதான். நல்ல கதை, சந்தேகமில்லை. ஆனால் நோயாளி அதில் ஓர் எண்ணாகத்தான் வருகிறார்.

*

நாற்காலிகளின் கதை பாஸ்டனில் தொடங்குகிறது, அதுவும் எடை கூட வேண்டியவர்களிடமிருந்து. 1905-இல் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டினார். ஒவ்வொருவர் கையிலும் தினசரிக் குறிப்பு நோட்டு. எடை பார்ப்பார்கள், கூடியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். நன்றாகத் தேறியவரைப் பார்த்துப் புதிதாக வந்தவருக்குத் தெம்பு வந்தது. தன் பாடத்தைவிட அந்தக் கூட்டம்தான் அதிகம் வேலை செய்கிறது என்பது பிராட்டுக்குப் பிற்பாடு புரிந்தது.

1935-இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்தது. 1948-இல் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ், கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்ததைப் பார்த்து, அதே மாதிரி எடை குறைப்பதற்கு ‘டாப்ஸ்’ குழுவைத் தொடங்கினார். 1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ வந்தது.

எல்லாக் குழுவும் அன்பான குழு என்று நினைத்துவிட வேண்டாம். பழைய டாப்ஸ் கூட்டங்களில் அதிகம் குறைத்தவருக்குக் கிரீடம் வைத்தார்கள். எடை கூடி வந்தவருக்குப் பன்றிப் பட்டம். கிளினிக்கின் அந்தப் பார்வையை நட்பு வட்டத்துக்குள்ளேயே கூட்டி வந்துவிட்டார்கள்.

எனக்கு இந்த வரிசையில் முக்கியமானவராகத் தெரிபவர் டெரீஸ் லாசர். எடைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 1952-இல் நியூயார்க்கில் மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்கு மார்பகம் அகற்றப்பட்டது. கையை எப்போது தூக்கலாம், உள்ளாடைக்குள் என்ன வைப்பது, கணவரிடம் எப்படிப் பேசுவது? இதற்கெல்லாம் மருத்துவரிடம் பதில் இல்லை. லாசர் தானே கற்றுக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மற்ற பெண்களின் கட்டிலருகே போய் உட்கார ஆரம்பித்தார். பல மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவரது திட்டத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அறுத்தவருக்குத் தெரியாத ஒன்று அறுக்கப்பட்டவருக்குத் தெரியும் என்பது அன்றைக்கு நிறுவனத்தின் ஏட்டில் ஏறியது.

*

எடைக்குறைப்பு ஆபரேஷனில் அந்த ‘ஒன்று’ என்ன?

ஆபரேஷனுக்கு முன்பே அது தொடங்குகிறது. வழக்கமாகக் கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்த உணவு தருவார்கள். கொழுப்பேறிய கல்லீரல் சற்றுச் சுருங்கினால்தான் அதற்கு அடியில் இருக்கும் இரைப்பையைக் கருவிகள் எட்டும். டயட்டீஷியன் இதை அச்சடித்த தாளில் கொடுத்துவிடுவார். ஆனால் நாலாம் நாள் தலைவலி எப்படி இருக்கும், வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது எந்த அறையில் போய் உட்காருவது, “ஆபரேஷன் பண்ணிக்கிறது சோம்பேறித்தனம்” என்று சொல்லும் சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் தாளில் இருக்காது. ஒரு வருடம் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

ஆபரேஷனுக்குப் பின் நாக்கே புதிதாகக் கற்க வேண்டும். முதலில் தெளிந்த திரவம், பிறகு கெட்டியான திரவம், பிறகு மசித்தது, பல வாரம் கழித்துத்தான் திட உணவு. தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்க முடியாது, மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் சிப் சிப்பாக. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். பைபாஸ் செய்தவர் இனிப்பை அதிகம் தின்றால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு புரட்டும். ‘டம்பிங்’ என்பார்கள். பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும். சில மாதத்தில் முடி கொட்டும். முன்பே கேள்விப்பட்டிருந்தால் சீப்பில் வரும் முடியைப் பார்த்து அழுகை வராது, எரிச்சல் மட்டும்தான்.

இதற்கெல்லாம் மேல் யாரும் எச்சரிக்காத ஒரு துக்கம் உண்டு. கோபம் வந்தாலும் தனிமை வந்தாலும் போய் நின்ற இடம் சாப்பாடு. அந்தக் கதவு திடீரென்று சாத்தப்படுகிறது. எடை குறைகிறது, எல்லோரும் வாழ்த்துகிறார்கள், இவர் மட்டும் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறார். இதை வாழ்த்துகிறவர்களிடம் சொல்ல முடியுமா?

*

இது வெறும் மன ஆறுதல் விஷயம்தானே என்று யாராவது கேட்டால், 2007 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைக் காட்டலாம். ஸ்வீடன் ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் மரண அபாயம் மற்றவர்களைவிட 29 சதவீதம் குறைவு. அமெரிக்காவின் யூட்டா ஆய்வில் 40 சதவீதம் குறைவு. உயிர் காக்கும் சிகிச்சை என்பதற்கு அதுவரை இல்லாத பலமான சாட்சி.

அதே யூட்டா ஆய்வில் இன்னொரு வரியும் இருந்தது. விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் இறப்பது ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் 58 சதவீதம் அதிகம். எண்ணிக்கை சிறியதுதான், ஆபரேஷன்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் இதயமும் சர்க்கரையும் சரியான பிறகும் சிலர் ஏதோ ஒன்றோடு தனியாக விடப்பட்டிருக்கிறார்கள் என்பதை அந்த வரியைப் படித்தபின் மறப்பது கஷ்டம்.

2012-இல் இன்னொரு ஆய்வு, 1945 பேரை வைத்து. ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம் பேருக்கு மதுப் பிரச்சினை இருந்தது. முதல் ஆண்டு 7.3. இரண்டாம் ஆண்டு 9.6. பைபாஸுக்குப் பின் மது ரத்தத்தில் வேகமாக ஏறும் என்பது ஒரு காரணம். நோயாளிகளுக்கு இது புதுச் செய்தியில்லை. சாப்பாட்டை விட்ட கை கோப்பையைப் பிடிக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆய்வு வந்து எண்களைச் சேர்த்தது.

மருத்துவ உலகமும் மெல்ல நாற்காலிகளின் பக்கம் வந்தது. 1991-இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருப்பவர்களுக்கும், 35-க்கு மேல் கடும் துணைநோய்களோடு இருப்பவர்களுக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றது. பல துறை மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும் என்றும் சொன்னது. 2000-களில் அமெரிக்காவில் சிறப்பு மையங்களுக்குத் தரச்சான்று வந்தபோது, ஒழுங்காக நடக்கும் ஆதரவுக் குழு இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்றானது.

*

குழுவைப் புகழ்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த ஒருவர் விடாமல் வாந்தி எடுக்கிறார் என்று வையுங்கள். குழுவில் யாரோ அன்பாக, “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, போகப் போகச் சரியாயிடும்” என்கிறார். சரியாகாமல் போகலாம். தொடர் வாந்தியில் தயமின் சத்து தீர்ந்தால் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், மூளைக்கு மீளாத சேதம் வரும். அந்த நேரத்தில் அன்பு செய்ய வேண்டிய ஒரே காரியம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. எதைத் தாங்கள் பேசித் தீர்க்கலாம், எதை உடனே மருத்துவரிடம் தள்ளிவிட வேண்டும் என்று தெரிந்த குழுதான் நல்ல குழு.

குழுவுக்குப் போகிறவர்கள் அதிகம் எடை குறைக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வதையும் கொஞ்சம் நிதானமாகவே வாசிக்க வேண்டும். எடை குறைந்தவர் சந்தோஷமாக வருவார். எடை திரும்ப ஏறியவர்தான் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். குழு யாருக்கு அதிகம் தேவையோ அவருடைய நாற்காலிதான் முதலில் காலியாகிறது. டாப்ஸின் பன்றிப் பட்டத்தை யாரும் இப்போது கொடுப்பதில்லை. ஆனாலும் அதை மனதில் தானே குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வட்டத்துக்கு வெளியே நின்று, உடம்பைத் திருத்தச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டவர்களும் உண்டு. 1969-இல் தொடங்கிய ‘நாஃபா’ என்ற அமெரிக்க அமைப்பு குண்டானவர்களின் உரிமைக்காகப் போராடியது, எடைக்குறைப்பு ஆபரேஷனை எதிர்த்தது. அவர்களோடு எல்லாவற்றிலும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் பிஸ்கட்டை ஒளித்து வைக்கவைத்தது பசியா, அந்தப் பார்வையா என்ற கேள்வியை அவர்கள்தான் உரக்கக் கேட்டார்கள்.

*

2022-இல் சர்வதேச அமைப்புகள் பழைய வரம்புகளை மாற்றின. பி.எம்.ஐ. 35 இருந்தால் துணைநோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷன் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம், ஏனென்றால் நம் உடம்பில் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. ஆக, இது இனி எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை இல்லை. ஆபரேஷன் அரங்கு வேகமாக வந்துவிடும். நாற்காலிகள் அதே வேகத்தில் வருமா?

இப்போது ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. 2021-இல் செமாக்ளூடைடு எடைக்குறைப்புக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாரம் ஒரு ஊசி, வீட்டிலேயே, யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் பிஸ்கட்டை ஒளித்த இடத்தில் இப்போது ஊசியை ஒளிக்கிறார்கள்.

நிடெச் 2015-இல், 91 வயதில் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் எத்தனையோ கை மாறி, 2023-இல் இந்த மருந்துகளை எழுதிக்கொடுக்கும் தொழிலிலும் இறங்கி, 2025 மே மாதம் கடன் சுமையில் திவால் மனு போட்டது. நிறுவனத்துக்காக நான் வருத்தப்படவில்லை. அது எப்போதோ அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது.

ஆனால் குவீன்ஸில் ஏழு பெண்கள் கூடிய அந்த அறையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அங்கே மருத்துவர் யாரும் இல்லை, எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் எங்கே பிஸ்கட்டை ஒளித்து வைத்தேன் என்று சொன்னார். இன்னொருவர், நானும்தான் என்றார்.