பெயர் வெட்டிய பாத்திரம்: நம் வீட்டுப் புழங்குபொருள் வரலாறு

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கத்து நண்பர்கள் வந்தபோது தயங்கினேன். அடியேன் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். சமணர் என்றதும் இங்கே பலர் என்னை மார்வாடி சேட் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் நயினார், தாய்மொழி தமிழ், ஊர் வட ஆற்காடு. பதினேழு வயதில் பம்பாய்க்கு ரயில் ஏறி, பாத்திரக் கடையில் வேலை பார்த்து, பிறகு சயானில் சொந்தமாகச் சிறு கடை வைத்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் வழக்கம் எங்களுடையது. அதனால் மாலையில் கிடைக்கிற நேரத்தில் படித்ததுதான் என் படிப்பு.

இப்போதெல்லாம் நம் பிள்ளைகள் கடைக்கு வந்து, "பிளாஸ்டிக் வேண்டாம் அங்கிள், ஸ்டீல் பாட்டில் காட்டுங்க, துணிப்பை இருக்கா?" என்று கேட்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது புதிதாக வந்த நாகரிகம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மூன்று தலைமுறை புழங்கிய பாத்திரம் எப்படிப் போய், மூன்று நிமிடத்தில் எறிகிற கோப்பை எப்படி வந்தது? அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அந்தக் கணக்கில் என் பங்கும் உண்டு.

பானையில் எழுதிய பெயர்

பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவது நம் வழக்கம். சிற்றுளியும் சுத்தியுமாக ஒருவர் கடை வாசலில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கொத்துவார். பின்னால் மின்சார மெஷின் வந்தது. இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியிலும் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்களைப் படித்துள்ளனர். கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்லும் என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஓடுகளில் உள்ள கையெழுத்து ஒன்று போல் ஒன்று இல்லை. ஆகவே, பானை செய்த குயவர் அல்லாமல், பானைக்கு உரியவர்களே பெயரைக் கீறியிருக்கலாம் என்பர் அறிஞர். மண் பானைதானே, உடைந்தால் போகட்டும் என்று அவர்கள் விடவில்லை. இது என்னுடையது என்று எழுதி வைத்தார்கள்.

பெரிய அளவில் இதையே செய்தவன் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த பொன், வெள்ளிப் பொருள்கள் கல்வெட்டில் பட்டியலாக உள்ளன. என்ன பாத்திரம், யார் கொடுத்தது, எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி என்பதெல்லாம் உண்டு. ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்ததாகவும் எழுதியிருக்கிறது. தராசு பிடித்துப் பிழைக்கிற எனக்கு அந்தக் கல்வெட்டுகளைப் படிக்கும்போது பக்கத்துக் கடைப் பேரேட்டைப் பார்ப்பது போல இருக்கும்.

ஈயம் பூசிய காலம்

நம் பாட்டிமார் சமையலறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு உலோகம் இருந்தது. சோறு பொங்க வெண்கலப் பானை, தண்ணீருக்குச் செம்பு அல்லது பித்தளைக் குடம், ரசத்துக்கு ஈயச் சொம்பு, குழம்புக்குக் கல்சட்டி. ரயிலில் போனால் மூடி திருகிய கூஜா. சந்தைக்குப் போனால் மஞ்சள் பை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும். அதற்காகத்தான் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். ஈயம் பூசுகிறவர் தெருமுனையில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி ஊதுவார். பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை வரும். ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுற்றித் துடைத்தால் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் தெருவோரக் கரி நெருப்பே போதும். அதே காரணத்தால்தான் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்த மருமகள்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்! விலை குறைவு என்று காரீயம் கலந்து பூசினால் மட்டும் அது உடம்புக்கு நஞ்சு. ஆகவே தெரிந்த ஆளிடம்தான் கொடுப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் நீடித்தது அதன் உலோகத்தால் மட்டும் அன்று. ஈயம் பூசுகிறவர், ஓட்டை அடைக்கிறவர், நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துகிற கண்ணார், பெயர் வெட்டுகிறவர் ஆகிய நான்கு பேருடைய கையும் அதன் பின்னால் இருந்தது. முடை வந்தால் அண்டாவை அடகு வைத்துப் பள்ளிச் சம்பளம் கட்டிய குடும்பங்களும் உண்டு.

எவர்சில்வர் வந்த கதை

முதல் மாற்றம் அலுமினியத்தால் வந்தது. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். இலேசானது, விலையும் மலிவு, ஈயமும் பூச வேண்டாம்.

அடுத்து வந்தது துருப்பிடிக்காத எஃகு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்து உருவாக்கியது. எஃகில் குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் இருந்தால், காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி, துருவைத் தடுத்துவிடும். கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானே மறுபடி உண்டாகும். நம்மவர்கள் அதற்கு எவர்சில்வர் என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை தொடங்கியபின், சேலம் ஸ்டீல் என்றாலே தரம் என்று வாடிக்கையாளர் கேட்டு வாங்கினர்.

ஈயம் பூசுகிறவர் ஊதிய துருத்தி இப்படித்தான் நின்றது. தானே ஆறிக்கொள்ளும் பாத்திரத்துக்கு வைத்தியர் எதற்கு?

நான் செய்த பிழை

"பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர்" என்று என் கடையிலும் பலகை தொங்கியது. பம்பாய்ச் சால்களில் பாண்டிவாலிப் பெண்கள் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்த மாதிரி, நான் பித்தளைக்கு எஃகு கொடுத்தேன். வாங்கிய பித்தளையெல்லாம் எடை போட்டு உருக்குவதற்குப் போகும்.

1987இல் அப்பா காலமானபின் அம்மா என்னோடு வந்து தங்கினார்கள். வரும்போது ஒரு பித்தளை அண்டாவும் குடமும் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. குடத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாலும் அண்டாவுக்கு இடமில்லை. அம்மா ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து இரண்டையும் தராசில் போட்டு, பழசோடு பழசாக அனுப்பிவிட்டேன். அதற்குப் பதில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் செட் வாங்கி அடுக்கி வைத்தேன்.

அம்மா திரும்பி வந்து பார்த்தார்கள். கோபப்படவில்லை. "அதுல ஆயா பேரு வெட்டியிருந்ததேப்பா, பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

நான் பார்க்கவில்லை. ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. நிலப் பத்திரம் தாத்தா பெயரில். ரேஷன் கார்டு அப்பா பெயரில். ஆயாவின் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அந்த அண்டாவின் கழுத்துதான். அவர் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்தபோது வெட்டியது. கிலோ கணக்கில் அதை விற்றவன் நான்.

அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்சுக்கு வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் தராசில் வைக்குமுன் திருப்பிப் பார்த்து, பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். இப்போது அந்த நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உள்ளன. பெயர், ஊர், சில சமயம் தமிழ் எண்ணில் ஆண்டு, "சீர்", "அன்பளிப்பு" என்பன இருக்கும். பாதிக்குப் பாதி பெண்கள் பெயர். இந்தப் பெண்கள் கல்வெட்டில் இல்லை, பத்திரத்தில் இல்லை, பாத்திரத்தில் மட்டும் இருந்தார்கள்.

வெள்ளம் சொன்ன பாடம்

பிளாஸ்டிக் வந்தபோதும் நான் விற்றேன். வாளி, குடம், பிறகு கேரி பை, பிறகு பயன்படுத்தி எறியும் தட்டு, கப்பு. யாரும் அதில் பெயர் வெட்டச் சொல்லிக் கேட்டதில்லை.

2005 ஜூலை 26 அன்று பெய்த மழையை மும்பைக்காரர் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். என் கடைக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். சாக்கடைகள் அடைபட்டதற்குப் பிளாஸ்டிக் பைகளும் ஒரு காரணம் என்று அரசும் சொன்னது, நாமும் கண்ணால் கண்டோம். தண்ணீர் வடிந்தபின் எவர்சில்வர் பாத்திரங்களைக் கழுவி மறுபடி அடுக்கினேன். வாசலை அடைத்துக் கிடந்த பையும் கப்பும் நான் விற்ற சரக்காகவும் இருக்கலாம். அன்றோடு அவற்றை விற்பதை நிறுத்தினேன்.

பின்னர்ச் சட்டங்கள் வந்தன. மகாராட்டிரத்தில் 2018 ஜூன் முதலும், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு காலத்தில் கிராமத்தான் என்று கேலி செய்யப் பயன்பட்ட சொல்லுக்கு அரசு மரியாதை! 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும், குறிப்பிட்ட சில பொருள்களுக்குத் தடை உள்ளது.

ஆனால் பையை மாற்றினால் மட்டும் போதுமா? டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்துக்கு நல்லது என்று சொல்ல வேண்டுமானால், அதைக் குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டுமாம். மற்ற எல்லாக் கேடுகளையும் சேர்த்தால் சுமார் 7,100 முறை! விழாவுக்கு விழா இலவசமாக வாங்கி அலமாரியில் திணிக்கிற துணிப்பைக்கும், வருஷத்துக்கு ஒன்றாக வாங்குகிற கலர் கலரான ஸ்டீல் பாட்டிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எங்கள் சமயத்தில் அபரிக்கிரகம் என்பார்கள். தேவைக்கு மேல் சேர்க்காமை. நல்ல பொருளாக இருந்தாலும் அளவுக்கு மேல் வாங்கினால் அது சுமைதான்.

என்ன செய்யலாம்?

வியாபாரியின் யோசனையாகச் சில சொல்கிறேன்.

1. ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு டம்ளர், ஒரு பை போதும். வாங்கிய அன்றே பெயர் வெட்டுங்கள். பெயர் உள்ள பொருளை யாரும் ரயிலில் மறந்து வைப்பதில்லை. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

2. இந்த ஊர் டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890 முதல் அவர்கள் தூக்குவது போன டப்பாவே வீடு திரும்பும் ஏற்பாடு. மூடியில் இருக்கும் குறியால்தான் அது வழி தவறாமல் வருகிறது. அலுவலகத்துக்கு நீங்களும் அடுக்கு டப்பா எடுத்துச் செல்லலாம்.

3. எங்கள் வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் புழங்குவோம். வடிகட்டிய துணியை அலசி, அந்தத் தண்ணீரை எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடுவார்கள். சிற்றுயிர் சாகக் கூடாது என்பதற்காக. இன்று குடிநீருக்குத் துணி மட்டும் போதாது, கொதிக்க வைக்கத்தான் வேண்டும். ஆனால் எடுத்ததை எடுத்த இடத்தில் சேர்க்கிற அந்த எண்ணம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

4. பரணில் பித்தளை இருந்தால் விற்காதீர்கள். ஈயம் பூசுகிறவர் தேடினால் இன்னும் கிடைப்பார். நாம் வேலை கொடுத்தால்தான் அவர் பிள்ளை அந்தத் தொழிலில் நிற்பான்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் ஊர் ஜினாலயத்தில் பெரிய அண்டாக்களும் தவலைகளும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கொடுத்தது, பெயர் வெட்டியது. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவைதான் போகும். முடிந்ததும் தேய்த்துத் திரும்பி வரும். போன பொங்கல் விழாவில் நாம் காபி குடித்து எறிந்த காகிதக் கப்புகள் எத்தனை மூட்டை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காகிதக் கப்பின் உள்ளேயும் பிளாஸ்டிக் பூச்சுதான். குடும்பத்துக்கு நான்கு டம்ளர் கொடுத்தால் சங்கத்துக்கு ஒரு பாத்திரப் பெட்டி ஆகிவிடும். அடுத்த விழாவில் நம் பிள்ளைகள் குடிக்கிற டம்ளரில் ஒரு பாட்டியின் பெயர் இருக்கும்.

அதற்காகக் கொண்டுவரும் பாத்திரம் எதுவானாலும், யார் கடையில் வாங்கியதானாலும், பெயர் வெட்ட அடியேன் கூலி வாங்கப் போவதில்லை. வீட்டுப் பெண்கள் பெயராக இருந்தால் நல்லது. பெயரைத் தமிழில் தெளிவாகச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வெட்டியபின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது.