பூனையோடு வளைகுடா போகிறீர்களா? டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள்

பண்ணைப்புரம், உத்தமபாளையம், கம்பம் பகுதியில் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் பல. அத்தாவுக்குக் குடும்ப விசா கிடைத்ததும் பிள்ளைகள் கேட்பது, "பூனைய என்ன செய்றது?" நன்னி வீட்டில் விட்டுப் போகலாம் என்றால் அழுகைதான். உடன் கொண்டுபோக வழி உண்டு. ஆனால் அதன் காகிதங்கள் நம் விசாவைவிட அதிக நாள் கேட்கும். டிக்கெட் எடுத்த பிறகு தொடங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை மைக்ரோசிப். அரிசி அளவுள்ள இதைக் கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார். 15 இலக்க எண் கொண்ட ஐ.எஸ்.ஓ. தரச் சிப்பாகக் கேட்டு வாங்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசி இதற்குப் பிறகுதான். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பிய நாடுகள் கணக்கில் எடுப்பதில்லை. மறுபடி போட வேண்டும். வரிசை மாறியதற்காக ஒரு மாதம் வீணாவது இங்கேதான்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இந்தியாவில் வெறிநோய் அதிகம் என்பதால், ஊசி வேலை செய்திருக்கிறது என்பதற்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆதாரம் கேட்கிறது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. அளவாவது இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவுதான் செல்லும்; அது வர வாரக்கணக்கில் ஆகலாம். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் இன்னும் கடுமை: ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அதன்பின் 3 மாதம் காத்திருக்க வேண்டும்.

அமீரகத்துக்கு அந்நாட்டுப் பருவநிலை மாற்றம், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அன்றைய நிபந்தனைகளையும் அங்கேயே பாருங்கள். ஏஜென்ட் போன வருஷம் சொன்னதை நம்ப வேண்டாம். துபாய்க்குப் பூனையும் நாயும் சரக்குப் பிரிவில்தான் போக முடியும். (எமிரேட்ஸ் விமானத்தில் பயணிகளோடு உட்கார்ந்து போகும் உரிமை பருந்துக்கு உண்டு, அதுவும் சில பாகிஸ்தான் வழித்தடங்களில் மட்டும்!)

நாய் என்றால் இனம் முக்கியம். பிட்புல், ராட்வீலர், டோபர்மேன் போன்றவற்றுக்கும், பிட்புல் கலப்புக்கும் அமீரகத்தில் தடை. நம் பக்கத்து ஊரான கோம்பையின் பெயர் கொண்ட நாட்டு நாயை வளர்ப்பவர்கள், சான்றிதழில் "கலப்பினம்" என்று பொதுவாக எழுத விடாமல் "கோம்பை" என்றே எழுதி வாங்குங்கள். சவூதி அரேபியா காவல், வேட்டை, உதவி நாய்களை மட்டுமே அனுமதிக்கிறது.

கடைசியாக, மருத்துவரின் உடல்நலச் சான்று, தடுப்பூசிப் புத்தகம் ஆகியவற்றோடு மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். மதுரையில் துபாய் விமானம் இருக்கிறது. இந்த அலுவலகம் இல்லை. சென்னைதான் வழி என்று பலர் இரவெல்லாம் பஸ்ஸில் பூனையைச் சுமக்கிறார்கள். கொச்சி விமான நிலையத்திலும் 2024 முதல் இந்த வசதி வந்துவிட்டது. நமக்குக் குமுளி வழியாகக் கொச்சி, சென்னைத் தூரத்தில் பாதிகூட இல்லை. முன்கூட்டியே அலுவலகத்திலும் விமான நிறுவனத்திலும் நேரம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கூண்டில் பிராணி நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். மயக்க மருந்து கொடுக்காதீர்கள். பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு வெயிலில் மூச்சு திணறும். பல நிறுவனங்கள் கோடையில் ஏற்ற மறுக்கும். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் கேட்கவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

ஊர் திரும்பும்போது கூட்டி வருவது தனிக் கதை. வெளிநாட்டில் தொடர்ந்து 2 ஆண்டு இருந்துவிட்டுக் குடியிருப்பை இந்தியாவுக்கு மாற்றுபவர், இரண்டு செல்லப்பிராணிகள் வரை உடைமையாகக் கொண்டுவரலாம். அதற்கும் இறங்கப்போகும் விமான நிலையத்தின் அதே அலுவலகத்தில், புறப்படும் முன்பே தடையின்மைச் சான்று வாங்கிவிட வேண்டும்.