மனுவும் தீர்மானமும்: விளவங்கோட்டில் ஊர் பேசிய கதை

திங்கட்கிழமை காலையில் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்களில், பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த தாளோடு உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் காணலாம். கலெக்டர் ஆபீசில் அன்று குறைதீர்க்கும் நாள். பாதைப் பிரச்சினை, பட்டா, குளத்து ஆக்கிரமிப்பு, முதியோர் உதவித்தொகை என்று ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கதை இருக்கும். நீலமுத்திரை குத்தி ஒரு நம்பர் தருவார்கள். "மனு குடுத்தாச்சு, இனி அவங்க பாத்து செய்யணும்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

நம்மூரில் மக்களாட்சி என்ற சொல்லுக்கு அன்றாட அர்த்தம் இந்த மனுதான். ஆனால் உள்ளாட்சிச் சட்டத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, தீர்மானம். மனுவைத் தனியாளும் கொடுக்கலாம், பத்தாயிரம் பேரும் கொடுக்கலாம். எப்படியானாலும் முடிவெடுக்கிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். தீர்மானத்தில் கூடியிருப்பவர்களே முடிவெடுக்கிறார்கள். தென் திருவிதாங்கூரின் முந்நூறு வருஷ வரலாற்றை இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் நடந்த இழுபறியாகவே வாசித்துவிடலாம்.

தீர்மானம் போடுவது இங்கே புதிய வழக்கம் அல்ல. நாஞ்சில் நாட்டின் பன்னிரண்டு பிடாகைகளைச் சேர்ந்த நாட்டார் கூடி முடிவெடுத்த செய்திகள் பழைய ஓலைகளில் கிடைக்கின்றன. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிப் படித்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பக்கம் மதுரை நாயக்கர் படைகளின் கொள்ளை, இன்னொரு பக்கம் காப்பாற்ற வராமல் வரி மட்டும் கேட்கிற அரசு. நாட்டார் கூடி, இன்ன நிலையில் இன்ன வரி கொடுப்பதில்லை என்று எழுதி ஒப்பமிட்டார்கள். அது விண்ணப்பம் அல்ல, முடிவு. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாருக்கு இடம் இருந்தது என்றும் கேட்க வேண்டும். நிலமுடைய வேளாளர்களின் சபை அது. வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் அங்கே ஒப்பமிடவில்லை. தீர்மானம் போடும் உரிமை தொடக்கத்திலிருந்தே சிலருடையதாக இருந்தது. மற்றவர்களுக்கு மனுகூட இல்லை.

1799இல் தலக்குளத்து வேலுத்தம்பி தென்பகுதி மக்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போனார். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியும் கூட்டாளிகளும் கட்டாய நிதி வசூலித்துக்கொண்டிருந்த காலம். கோட்டை வாசலில் கூடிய ஜனத்தைக் கண்டு ராஜா இறங்கிவந்தார். ஜயந்தன் நாடுகடத்தப்பட்டார். மற்ற இருவருக்கும் கசையடி கிடைத்தது, காதுகளும் அறுபட்டன. கூட்டம் கேட்டது கிடைத்தது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு எஞ்சியது ஒரு தளவாய் மட்டும்தான். மக்கள் மறுபடி கூடிப் பேசுவதற்கான இடம் ஒன்றும் உண்டாகவில்லை.

அடுத்த நூற்றாண்டில் மனுவின் காலம் தொடங்குகிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் 1822இல் எழுந்த தோள்சீலைப் போராட்டம் சந்தையிலும் தெருவிலும் மட்டும் நடந்த ஒன்றல்ல, காகிதத்திலும் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக மிஷனரிகள் வழியாக ரெசிடெண்டுக்கும் மதராஸ் கவர்னருக்கும் விண்ணப்பங்கள் போயின. 1829இல் அரசு உரிமையை மறுத்து அறிவிப்பு வெளியிட்டது. 1859இல் மதராஸ் கவர்னர் டிரெவெல்யனின் அழுத்தத்தால் உத்திரம் திருநாள் மகாராஜா ஒருவகையில் இறங்கி வந்தார். முப்பத்தேழு வருஷம். சொந்த ராஜா கேட்காதபோது ராஜாவுக்கு மேலே இருப்பவரிடம் எழுது என்ற பாடத்தை விளவங்கோடு அப்போதே படித்துக்கொண்டது.

அந்த நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் முழுக்க மனு எழுதியது. 1891இல் மலையாளி மெமோரியல், பத்தாயிரத்துக்கு மேல் கையெழுத்து. 1896இல் டாக்டர் பல்ப்புவின் முயற்சியில் ஈழவ மெமோரியல், பதிமூன்றாயிரத்துக்கு மேல் கையெழுத்து. அரசும் சும்மா இருக்கவில்லை. 1888இலேயே ஸ்ரீமூலம் திருநாள் ஒரு சட்ட ஆலோசனை சபை அமைத்திருந்தார். இந்தியச் சமஸ்தானங்களில் முதலாவது அது. எட்டுப் பேரில் பெரும்பான்மை அதிகாரிகள். 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா பிரதிநிதிகள் திருவனந்தபுரத்தில் கூடுவார்கள். வருஷம் நூறு ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுகிறவர்களும், பெரிய வருமானமுள்ள வியாபாரிகளும்தான் முதல் சபையில் உட்கார முடிந்தது. உறுப்பினர் எழுந்து தன் தாலுகாவின் குறையைச் சொல்வார். பாலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வரி அதிகம் என்பார். திவான் பதில் சொல்வார். சபையின் பேச்சு அரசைக் கட்டுப்படுத்தாது. வாய்மொழியாக, மரியாதையாக, நல்ல கட்டடத்தில் கொடுக்கப்பட்ட மனு என்று அதைச் சொல்லலாம்.

ஆனாலும் அதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. 1912இல் அய்யன்காளி அந்தச் சபைக்குள் நியமன உறுப்பினராக வந்து, புலையர்களுக்கு நிலமும் பள்ளியும் கேட்டார். தெருவில் நடக்கவே தடை இருந்த சாதியிலிருந்து ஒருவர் திவானின் முகத்தைப் பார்த்துப் பேசினார். கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் யார் கேட்கலாம் என்ற கேள்வி தானாக எழும். 1932இல் புதிய இரட்டைச் சபை அறிவிக்கப்பட்டபோது ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாக்களிக்க மறுத்தார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று அதற்குப் பெயர். 1935இல் அரசுப் பணிகளுக்கு ஆணையமும், 1937இல் விரிந்த வாக்குரிமையும் வந்தன. மனுவில் கிடைக்காதது மறுப்பில் கிடைத்தது.

இதே காலத்தில் மார்த்தாண்டத்தில் வேறொரு சோதனை சத்தமில்லாமல் நடந்தது. அமெரிக்கரான டங்கன் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். கோழிமுட்டைகளைச் சேர்த்து விற்கும் சங்கம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், நெசவு, விளையாட்டு, இரவுப் பள்ளி என்று வேலைகள் விரிந்தன. 1932இல் அவர் எழுதி வெளிவந்த நூல் மார்த்தாண்டத்தை உலகின் பல கிராம மேம்பாட்டு ஆட்களுக்கு அறிமுகப்படுத்தியது. அவருடைய கொள்கை எளிமையானது. ஊர்க்காரர்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் நின்று யோசனை மட்டும் சொல்ல வேண்டும். முட்டையை எந்த விலைக்கு, எங்கே அனுப்புவது என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அதைச் சங்கம் கூடி முடிவு செய்யும்போது அது தீர்மானம். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் பெயர் இருக்கிறதென்றால் அந்தப் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஹாட்சின் வழியில் ஒரு குறையும் உண்டு. நிலம், வரி, சாதி போன்ற பெரிய முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டனவோ அந்த இடத்தை அது தொடவில்லை.

அந்த இடத்தைத் தொட்டது 1940களில் எழுந்த தமிழர் இயக்கம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் மார்ஷல் நேசமணியும் கேட்டது பாலமோ பள்ளியோ அல்ல, எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதையே நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றார்கள். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திரு-கொச்சியை ஆண்டது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முதல்வர் பட்டம் தாணுபிள்ளை. சுதந்திர நாட்டில் மக்கள் அரசு தன் மக்களைச் சுட்டுவிட்டுப் பதவியில் இருக்கலாகாது என்று அதே கட்சியின் ராம் மனோகர் லோகியா சொன்னார். கட்சி உடைவதற்கு அதுவும் ஒரு காரணம் ஆயிற்று.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் கடைசியில் வேலை செய்தது மனுதான் என்பது வினோதம். பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் வந்த காகிதங்களின் எண்ணிக்கை 1,52,250. ஒன்பதாயிரம் பேருக்கு மேல் நேரில் பேசினார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்று 1955இல் அறிக்கை சொன்னது. தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

இனி நம் காலத்துக்கு வரலாம். இங்கேதான் கதை சிக்கலாகிறது.

1992இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். பிரதிநிதி இல்லை, நூறு ரூபாய் வரி இல்லை, நியமனம் இல்லை. கூடி, கணக்குக் கேட்டு, தீர்மானம் போடலாம். அது எவ்வளவு வலுவான ஆயுதமாக முடியும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி சாட்சி. வன உரிமைச் சட்டத்தை முன்வைத்து உச்ச நீதிமன்றம் 2013இல் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு மலையூர்களும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் வேண்டாமென்று சொல்லின. சுரங்கம் வரவில்லை.

குமரி மாவட்டத்தில் இந்த உரிமை எத்தனை பேருக்கு? 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. அதில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம். மாநிலச் சராசரி 48 சதவீதம். சென்னையை விட்டால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய 'நகரம்' நம் மாவட்டம்தான். வெளியூர் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் வாழையும் நிற்கிற இடத்தில் நகரம் எங்கே? இங்கே ஊர்கள் மதுரைப் பக்கம் போல ஒரு குவியலாக இல்லை. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள் நிற்கிறது. வீடு, விளை, மறுபடி வீடு என்று குழித்துறையிலிருந்து கடற்கரை வரை தொடர்ச்சியாகக் குடியிருப்பு. அடுத்த ஊர் தொடங்கியதைப் போர்டு பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மக்கள்தொகையும் வருமானமும் வைத்துப் பேரூராட்சிகளை வகுக்கும் சட்டத்தில் இந்த நிலப்பரப்பு வசமாக மாட்டிக்கொண்டது. இப்போது ஐம்பது சொச்சம் பேரூராட்சிகள். ஊராட்சிகள் 95 மட்டும். மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் இருக்கிறது. ரப்பர் வெட்டப் போகிற பேரூராட்சிக்காரரிடம் கேட்டால், "கிராம சபையா? அது நமக்கு இல்லல்லா, அங்க அடுத்த பஞ்சாயத்துக்காரனுக்கில்லா" என்பார்.

நகரங்களுக்கான 74ஆவது திருத்தம் இதற்கு ஈடு செய்யவில்லை. மூன்று லட்சம் பேருக்கு மேலுள்ள இடங்களுக்கு மட்டுமே அது வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. அன்றைய நாகர்கோவிலே இரண்டேகால் லட்சம்தான்.

வகைப்பாடு மாறினால் வாழ்க்கை எப்படி மாறும் என்பதை நாம் ஒருமுறை பார்த்தோம். 2004இல் தமிழக அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றியது. ஊரக நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006இல் ஆட்சி மாறியதும் அவை திரும்பப் பேரூராட்சிகள் ஆயின. 2008இல் நூறுநாள் வேலைத் திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தபோது பேரூராட்சிக்காரர்கள் வெளியே நின்றார்கள். கிராமமா நகரமா என்று இரண்டு வருஷத்தில் இருமுறை மாற்றியபோது எந்த ஊரும் கூடித் தீர்மானிக்கவில்லை, அரசாணை வந்தது. இன்று ஓர் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்றதும் மக்கள் ரோட்டுக்கு வருவதற்கு வரியும் வேலையும் மட்டும் காரணம் அல்ல. கூடிப் பேசும் உரிமையும் சேர்ந்தே போகிறது.

பிறகு தேர்தலே இல்லாத வருஷங்கள். 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்கு ஊராட்சிகளில் 2019 டிசம்பரிலும் நகரங்களில் 2022 பிப்ரவரியிலும்தான் வாக்கெடுப்பு நடந்தது. இடையில் தனி அலுவலர்கள். 2025 ஜனவரியில் நம் ஊராட்சிகளின் காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள். மன்றம் இல்லாத காலத்தில் மனு ஒன்றுதான் வழி என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2022இல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகுதி சபைகள் அமைக்க விதிகள் வகுக்கப்பட்டன. கிராம சபைக்கான நாட்கள் நான்கிலிருந்து ஆறாயின. சேர்ந்த இரண்டில் ஒன்று நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம். பகுதி சபைகளும் அந்த ஆண்டு அதே நாளில் கூட்டப்பட்டன.

ஆனால் பெரிய முடிவுகள் இன்னும் மேலேதான் இருக்கின்றன. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து நம் மணல் உலகச் சரக்கு. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் வைக்கப்பட்ட கருத்துக்கேட்பு எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. பிரஜா சபையில் திவான் பதிலாவது சொன்னார். இங்கே கேட்கும் கடமையே எடுக்கப்பட்டுவிட்டது.

நவம்பர் 1 நமக்கு இரட்டை நாள். எந்த மாநிலத்தில் இருப்பது என்று தீர்மானித்துப் பெற்ற நாள் அது, உள்ளாட்சிக்கென்று அரசு குறித்த நாளும் அதுவே. அன்று நம் வார்டில் பகுதி சபை கூடுகிறதா என்று பேரூராட்சி ஆபீசில் கேட்பது எளிது. கூடினால் போய் உட்கார்ந்து, நம் குறையை மனுவாக நீட்டாமல், தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போட வேண்டும்.