உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தால் மட்டும் போதுமா? வீட்டில் ஏன் சொல்லி வைக்க வேண்டும்?

பைக்கில் கிளம்பிய மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறான். மூளைச்சாவு அடைந்துவிட்டதாக டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். "உறுப்புகளைத் தானம் செய்ய உங்களுக்குச் சம்மதமா?" என்று மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் கேட்கிறார். யோசிக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான். "அவன் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?" என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

உறுப்பு தானத்தில் பல நேரங்களில் விஷயம் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

அட்டை இருந்தால் போதாதா?

ஆன்லைனில் பதிவு செய்து, அட்டையை டவுன்லோடு பண்ணி போனில் வைத்திருப்பவர்கள் உண்டு. பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் இந்தியாவில் நடைமுறையில் கடைசி முடிவு குடும்பத்தினர் கையில் இருக்கிறது. நெருங்கிய உறவினர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் உறுப்புகள் எடுக்கப்படும். "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அதோடு முடிந்தது. அந்த அட்டை வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருந்தால் அதனால் பயன் இல்லை.

மூளைச்சாவு என்றால் என்ன?

"நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சூடா இருக்கு, எப்படி இறந்துட்டார்னு சொல்றீங்க?" பெரும்பாலான குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி இது.

மூச்சு விடுவதற்கான கட்டளை மூளைத்தண்டிலிருந்து வருகிறது. விபத்திலோ ரத்தக்கசிவிலோ மூளைத்தண்டு செயலிழந்துவிட்டால் அது மறுபடி உயிர்பெறாது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால்தான் நெஞ்சு அசைகிறது. இதயத்துக்குத் தானாகத் துடிக்கும் தன்மை இருப்பதால், ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது துடிக்கிறது. அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

கோமா வேறு. கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு வேலை செய்யும், அவர் மீண்டு வர வாய்ப்பு உண்டு. மூளைச்சாவு அடைந்தவர் மீண்டு வருவதில்லை. சட்டப்படி அதுவும் மரணமே.

தவறாகச் சொல்லிவிட வாய்ப்பு உண்டா?

1994-ம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 4 மருத்துவர்கள் கொண்ட குழுதான் மூளைச்சாவை உறுதி செய்ய முடியும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக் குழுவில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் இடம்பெறக் கூடாது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் பரிசோதனைகள் 2 முறை செய்யப்படும். கண்ணில் வெளிச்சம் பட்டால் பாவை சுருங்குகிறதா, வென்டிலேட்டரை நிறுத்தினால் தானாக மூச்சு வருகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். 2 முறையும் எந்த அசைவும் இல்லை என்றால் மட்டுமே சான்றிதழ் தரப்படும்.

ஒருவரால் எத்தனை பேருக்கு வாழ்வு?

இதயம், 2 நுரையீரல்கள், கல்லீரல், 2 சிறுநீரகங்கள், கணையம், சிறுகுடல் ஆகியவற்றைத் தரலாம். எல்லா உறுப்புகளும் நல்ல நிலையில் இருந்தால் 8 பேர் வரை பயன்பெற முடியும்.

உடலிலிருந்து எடுத்தபின் இதயம் தாங்குவது சுமார் 4 முதல் 6 மணி நேரம். சிறுநீரகம் ஒரு நாளுக்கும் மேல் தாங்கும். ஆம்புலன்ஸுக்காக போலீசார் சிக்னல்களை ஒழுங்குபடுத்தி வழிவிடுவது இதனால்தான்.

தமிழ்நாட்டை மாற்றிய ஒரு முடிவு

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். டாக்டர்களான அவரது பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்ய முன்வந்தனர். போக்குவரத்து போலீசார் வழி ஏற்படுத்தித் தர, அவரது இதயம் சென்னை நகருக்குள் வேகமாகக் கொண்டு செல்லப்பட்டு 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்த மாணவர் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. முடிவெடுத்தது பெற்றோர்தான்.

அதே ஆண்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. இன்று அந்தப் பணியைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான 'டிரான்ஸ்டான்' கவனிக்கிறது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

குடும்பங்கள் தயங்குவது எதற்கு?

"உடம்பைச் சிதைச்சிடுவாங்களா?" இல்லை. மற்ற ஆபரேஷன் போலவே செய்து, தையல் போட்டுத்தான் உடலை ஒப்படைப்பார்கள். வழக்கமான இறுதிச் சடங்குகளைச் செய்யலாம்.

"செலவு எங்க தலையில விழுமா?" குடும்பம் சம்மதித்த பிறகு உறுப்புகளைப் பாதுகாக்கவும் எடுக்கவும் ஆகும் செலவைக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்பது விதி.

"காசுக்கு வித்துடுவாங்களா?" உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். காத்திருப்போர் பட்டியல்படிதான் உறுப்புகள் ஒதுக்கப்படும்.

வீட்டில் இறந்தால்?

வீட்டில் இயற்கையாக இறப்பவரின் இதயத்தையோ சிறுநீரகத்தையோ எடுக்க முடியாது. ஆனால் கண்களைத் தரலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் கருவிழிகளை எடுக்க வேண்டும். கண் வங்கிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும் வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு அடியில் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர்களும், கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் கூடக் கண் தானம் செய்யலாம்.

உயிரோடு இருக்கும்போதே தரக்கூடியது

உறுப்பு தானத்துக்குத்தான் அடுத்தவர் சம்மதம் வேண்டும். ரத்தம் கொடுக்க நீங்கள் சம்மதித்தால் போதும். ஆரோக்கியமாக உள்ள 18 முதல் 65 வயது வரையிலானவர்கள் கொடுக்கலாம். எடை குறைந்தது 45 கிலோவும், ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் தரலாம்.

ஒரு முறை எடுப்பது 350 அல்லது 450 மில்லி. அதைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்து 3 பேர் வரை கொடுக்க முடியும். தட்டணுக்களை 5 நாளும், சிவப்பணுக்களைச் சுமார் 6 வாரமும்தான் வைத்திருக்க முடியும். ரத்தத்தை இன்னும் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாததால், யாராவது தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் ரத்த வங்கியில் இருப்பு இருக்கும்.

இப்போது என்ன செய்யலாம்?

தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பான 'நோட்டோ'வின் இணையதளத்தில் ஆதார் எண் மூலம் பதிவு செய்யலாம். மனம் மாறினால் பதிவைத் திரும்பப் பெறவும் வழி உண்டு.

பதிவு செய்த அன்றே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, எதெல்லாம் பயன்படுமோ அதெல்லாம் கொடுத்துடுங்க" என்று மனைவியிடம், கணவரிடம், அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள். "என்ன பேச்சு இது, வாயைக் கழுவு" என்று அம்மா திட்டலாம். ஆனாலும் சொல்லுங்கள். அப்படி ஒரு நாள் வந்தால், "அவன் அன்னைக்கே சொன்னான்" என்ற நினைவு இருப்பவர்களால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட முடியும்.